உங்கள் கட்டளைகளை எழுதி வைப்பது யார்?

மாணவர்களே, கணினியின் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு ஒரு சிறிய வசதி நன்றாகத் தெரிந்திருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால், கடைசியாக நீங்கள் கொடுத்த கட்டளை மீண்டும் வந்து நிற்கும். இன்னொருமுறை அழுத்தினால் அதற்கு முந்தையது வரும். 'ஹிஸ்டரி' என்று தட்டினால் முழுப்பட்டியலும் வரிசை எண்களோடு விரியும்.

நேற்று கொடுத்த கட்டளை இன்றும் வருகிறது. கணினியை அணைத்து மறுபடி இயக்கினாலும் வருகிறது. அப்படியென்றால் அது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எங்கே? யார் எழுதியது? அதை வேறு யார் படிக்க முடியும்? ராஸ்பெரி பை கணினியில் ரோபோ செய்யும் மாணவர்களும், கணினி அறிவியல் பாடத்துக்காக லினக்ஸ் பழகும் படிவம் 4, 5 மாணவர்களும் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கேட்காமல் விட்டால் ஒரு நாள் உங்கள் கடவுச்சொல் போகலாம். அதைவிட மோசமாக, செய்யாத தவற்றுக்கு உங்கள் பெயர் அடிபடலாம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். நீங்கள் தட்டும் வரியை வாங்கி, அதற்குப் பொருள் கண்டு, இயங்குதளத்திடம் வேலை வாங்கித் தரும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். பழைய கட்டளைகளை நினைவில் வைத்துத் திருப்பித் தரும் வசதியை 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய 'சி ஷெல்' பரவலாக்கியது. இன்று லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்துவது 'பாஷ்'. பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்தது. உங்கள் சொந்தக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மறைவான கோப்பில் பாஷ் உங்கள் கட்டளைகளைச் சேமிக்கிறது. வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் கடைசி 500 கட்டளைகள் இருக்கும். உபுண்டுவில் வழக்கமாக 2000 வரிகள் வரை கோப்பில் தங்கும்.

விண்டோஸ் பயன்படுத்துவோரும் இதிலிருந்து தப்பவில்லை. பவர்ஷெல்லும் தன் வரலாற்றை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கிறது. மேக் கணினிகளில் 2019 முதல் இயல்பாக வரும் 'இஸட் ஷெல்'லும் அப்படியே.

இந்த வசதி எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். நீளமான கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டும் கைவலியைக் குறைக்கத்தான் அது வந்தது. யாரையும் கண்காணிக்க வரவில்லை. ஆனால் பல இடங்களில் அதையே சாட்சியாக நிறுத்தப் பார்க்கிறார்கள். 'சர்வரில் கோப்பு அழிந்துவிட்டதா? அந்தப் பையனின் ஹிஸ்டரியைத் திறந்து பார்' என்கிறார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அறிவியல் பாடத்தில் நான் மாணவர்களிடம் விடாமல் சொல்லும் ஒரு விதி உண்டு. ஆய்வுக் குறிப்பேட்டில் பேனாவால் எழுது, பிழையானால் ஒரே கோடு போட்டு அடி, அழிப்பானைத் தொடாதே. ஏன்? அழிக்கக்கூடிய குறிப்பை நம்பி முடிவு சொல்ல முடியாது. ஷெல்லின் வரலாற்றுக் கோப்பு பென்சிலால் எழுதிய கரட்டுக் குறிப்பு போன்றது. எழுதியவருக்கு உதவும். மற்றவருக்குச் சான்றாகாது.

எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, அந்தக் கோப்பு உங்களுக்குச் சொந்தமானது. சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து எந்த வரியையும் நீக்கலாம். புதிதாக எழுதியும் சேர்க்கலாம். உங்கள் கணக்கில் நுழைந்த வேறொருவரும் அதைச் செய்யலாம்.

இரண்டு, எல்லாக் கட்டளையும் அதில் ஏறுவதில்லை. உபுண்டு, ராஸ்பெரி பை ஆகியவற்றின் வழக்கமான அமைப்பில், கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டினால் அது வரலாற்றில் சேராது. பாஷ் பொதுவாக அமர்வை முடிக்கும்போதுதான் கோப்பில் எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனாலோ, ஷெல்லை வலுக்கட்டாயமாக நிறுத்தினாலோ அந்த அமர்வின் கட்டளைகள் எழுதப்படாமலே போய்விடும். ஒரு கட்டளை அந்தக் கோப்பில் இல்லை என்பதால் அது கொடுக்கப்படவில்லை என்று ஆகிவிடாது.

மூன்று, தனியே அமைத்தால் ஒழிய அதில் நேரம் குறிக்கப்படுவதில்லை. ஒரு வரி இன்று காலை எழுதியதா, மூன்று மாதத்துக்கு முன் எழுதியதா என்று சொல்ல வழியில்லை.

நான்கு, இதுதான் பள்ளிகளுக்கு முக்கியம். ஒரு கணினிக்கூடத்தில் முப்பது மாணவர்களும் 'மாணவர்' என்ற ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரலாற்றுக் கோப்பில் 'இந்தக் கோப்புறையை முழுதாக அழி' என்ற கட்டளை இருக்கிறது. கொடுத்தது யார்? கடைசியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரா? கட்டளை வரியில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவரா? பெரும்பாலும் இரண்டாமவர் மேல்தான் முதல் விரல் நீளும். கெட்டிக்காரத்தனமே குற்றச்சாட்டாக மாறிவிடும். முப்பது பேர் எழுதிய ஒரே நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தண்டிப்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

சில நிர்வாகிகள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் ஒரு கோப்புக்கு 'சேர்க்க மட்டும்' என்ற பண்பைக் கொடுக்கலாம். அதன்பின் கோப்பின் கடைசியில் புதிய வரி சேர்க்கலாம். பழைய வரியை அழிக்க முடியாது. அந்தப் பண்பை நீக்க 'ரூட்' என்னும் தலைமை அதிகாரம் வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பதை ஷெல்லுக்குச் சொல்வது பயனரின் கையில் உள்ள ஒரு மாறி. அதை நீக்கிவிட்டாலோ, வேறொரு ஷெல்லைத் தொடங்கினாலோ பூட்டிய கோப்பு பூட்டியபடியே இருக்கும்; உள்ளே எதுவும் சேராது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்.

அப்படியானால் கட்டளைகளைப் பதிவு செய்யவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் பதிவு வேண்டும். ஆனால் பதிவு செய்யப்படுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும். இதை விளக்க உண்மையில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

1986-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் உண்டு. அங்கே இரண்டு கணக்கு நிரல்கள் தனித்தனியாக ஓடின. ஒன்று யூனிக்ஸோடு வந்தது, மற்றொன்று ஆய்வகத்தார் தாமே எழுதியது. இரண்டுக்கும் இடையில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை. 'போனால் போகட்டும்' என்று விட்டிருக்கலாம். ஸ்டால் விடவில்லை. தோண்டத் தோண்ட, யாரோ ஒருவர் வெளியிலிருந்து கணினிக்குள் நுழைந்து உலவுவது தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். ஊடுருவியவர் என்ன கட்டளை கொடுக்கிறார் என்பதை அதே கணினியில் எழுதி வைக்க அவர் விரும்பவில்லை. எழுதினால் அந்த ஆள் கண்டுபிடித்து அழித்துவிடுவார். அதற்குப் பதிலாக அலுவலகத்தில் கிடைத்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் திரட்டி, வெளியிலிருந்து கணினிக்குள் வரும் சுமார் 50 இணைப்புகளில் பொருத்தினார். ஊடுருவியவர் அழுத்திய ஒவ்வொரு விசையும் காகிதத்தில் அச்சாகி வந்தது. நிர்வாகி யாராவது இருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்து நடந்த அந்த ஆளுக்கு, கம்பியின் மறுபக்கத்தில் காகிதம் ஓடிக்கொண்டிருப்பது தெரியவே இல்லை. பல மாதங்களுக்குப் பின் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. மார்க்கஸ் ஹெஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்கக் கணினிகளிலிருந்து எடுத்த தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றது வெளியானது. 1990-இல் அவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இந்தக் கதையில் இரண்டு உண்மைகள் உள்ளன. தவறு வெளிப்பட்டது இரண்டு கைகள் தனித்தனியாகக் கணக்கு எழுதியதால்தான். சான்று நிலைத்தது, எழுதிய காகிதம் ஊடுருவியவரின் கைக்கு எட்டாததால்தான்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதல்ல. ரப்பர் தோட்டத்தில் பால் எடை போட்டதும் கிராணி தம் புத்தகத்தில் எழுதுவார். எழுத்தறிந்த தொழிலாளி அதே எண்ணைத் தம் துண்டு நோட்டிலும் குறித்து வைத்தால், சம்பள நாளில் இரண்டையும் ஒப்பிடலாம். கிராணியின் புத்தகம் மட்டும் இருந்தால் தொழிலாளிக்குப் பாதுகாப்பில்லை. தொழிலாளியின் நோட்டு மட்டும் இருந்தால் தோட்டம் ஒப்புக்கொள்ளாது. இரண்டும் இருந்தால்தான் வழக்கு தீரும்.

கணினியிலும் அப்படியே செய்யலாம். லினக்ஸில் 'ஆடிட்' என்ற தணிக்கை அமைப்பு உண்டு. அது ஷெல்லை நம்பி இருப்பதில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இருந்துகொண்டு, எந்த நிரல் எப்போது, எந்தக் கணக்கின்கீழ் தொடங்கப்பட்டது என்பதைக் குறிக்கிறது. பாஷ் வரலாற்றை அழித்தாலும் இந்தப் பதிவு அழியாது. ஆனால் அதே கணினியில் இருந்தால், ரூட் அதிகாரம் பெற்ற ஒருவர் இதையும் அழிக்கலாம். ஆகவே பதிவுகளை உடனுக்குடன் வலையமைப்பு வழியே வேறொரு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். ஸ்டாலின் அச்சுப்பொறி செய்த வேலையை இன்று அந்த இரண்டாவது கணினி செய்கிறது. கூடவே, ஆளுக்கொரு கணக்கு கட்டாயம் வேண்டும். பொதுக்கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய தணிக்கை செய்தாலும் 'மாணவர் செய்தார்' என்ற அளவில்தான் பதில் வரும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'சரி, எல்லாவற்றையும் பதிந்துவிடுவோம்' என்று ஆசிரியர்களும் நிர்வாகிகளும் கிளம்பினால், அங்கேயும் எனக்கு மறுப்பு உண்டு.

'தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?' என்று கேட்பார்கள். கற்கும் பிள்ளை தப்பு செய்யத்தான் செய்வான். ஒரே கட்டளையை ஏழு முறை பிழையாகத் தட்டி எட்டாவது முறை சரியாகத் தட்டுவதற்குப் பெயர்தான் படிப்பு. யாரோ தோள்மேல் நின்று பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் அந்த ஏழு முயற்சிகளும் நின்றுவிடும். மேலும் கட்டளை வரியில் கடவுச்சொல், நண்பரின் பெயர், தேடிய சொல் எல்லாம் கலந்திருக்கும். அவற்றைச் சேர்த்து வைக்கும் பதிவேடு திருடர்களுக்கு ஒரு புதையல். காக்கத் தெரியாதவர் அதைச் சேர்க்கவே கூடாது.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, ஏழு கொள்கைகளை வகுத்திருக்கிறது. என்ன தரவு, எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதை உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. அச்சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது. மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்பதும் உண்மைதான். ஆனால் நெறி நல்லதாக இருக்கும்போது, சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டுமா? கணினிக்கூடத்தின் சுவரில் நான்கே வரி ஒட்டினால் போதும்: இங்கே கட்டளைகள் பதிவு செய்யப்படுகின்றன, இன்னார் மட்டுமே பார்ப்பார், பிரச்சினை எழுந்தால் மட்டுமே பார்ப்பார், இத்தனை நாளில் அழிக்கப்படும். ஒளித்து வைத்த கண்காணிப்பைவிட, சொல்லிவிட்டுச் செய்யும் பதிவு பிள்ளைகளிடம் பொறுப்பை வளர்க்கும் என்று நான் நம்புகிறேன்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். 'என் ஹிஸ்டரி என் உரிமை, தினமும் அழித்துவிடுவேன்' என்று சொல்லும் மாணவர்களும் உண்டு. சொந்தக் கணினியில் அது உங்கள் விருப்பம். பொதுக் கணினியில் அவசரப்படாதீர்கள். கணினித் தாக்குதல் முறைகளைத் தொகுத்து வைத்திருக்கும் 'மைட்டர் அட்டாக்' என்ற புகழ்பெற்ற பட்டியலில், கட்டளை வரலாற்றை அழிப்பது ஒரு தனி உத்தியாக இடம்பெற்றிருக்கிறது. ஊடுருவியவர்கள் தடம் மறைக்கச் செய்வது அது. நீங்கள் வெகுளியாக அழித்தாலும், பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். உண்மையில், நீங்கள் குற்றமற்றவர் என்பதைக் காட்டும் துண்டு நோட்டும் அந்த வரலாறுதான். அதை ஏன் நீங்களே கிழிக்க வேண்டும்?

அதே பட்டியலில் இன்னொரு உத்தியும் உண்டு. ஊடுருவியவர்கள் வரலாற்றுக் கோப்பைத் திறந்து கடவுச்சொல் தேடுவார்கள். ஆக, வரலாற்றைக் காப்பதற்குச் சரியான வழி அதில் இரகசியம் எதையும் எழுதாமல் இருப்பதே. இதற்குச் சில பழக்கங்கள் போதும்.

கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து ஒரே வரியில் எழுதாதீர்கள். தரவுத்தள நிரல்கள் பலவும், கடவுச்சொல்லை விட்டுவிட்டால் தாமே கேட்கும். அப்போது தட்டினால் திரையிலும் தெரியாது, வரலாற்றிலும் ஏறாது. ஒரே வரியில் எழுதினால், வரலாற்றில் பதிவதோடு, அந்த நிரல் ஓடும் நேரத்தில் அதே கணினியில் இருக்கும் மற்றவர்களும் நிரல் பட்டியலில் அதைப் பார்க்க வாய்ப்புண்டு. முன்னால் இடைவெளி விடும் உத்தி இந்த இடத்தில் காப்பாற்றாது.

உங்கள் வரலாற்றுக் கோப்பின் அனுமதியைச் சரிபாருங்கள். உரிமையாளர் மட்டுமே வாசிக்கவும் எழுதவும் முடியும் என்ற 600 எண் அமைப்பில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாசிக்கும் அனுமதி இருந்தால் உடனே நீக்குங்கள்.

திட்டப்பணியை இணையத்தில் பதிவேற்றும்போது முழுக் கோப்புறையையும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள். புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகளும் கூடவே போய்விடும்.

தப்பித்தவறிக் கடவுச்சொல் வரலாற்றில் ஏறிவிட்டால், முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் நீக்குங்கள். வரியை நீக்கினால் போதும் என்று எண்ணாதீர்கள். அதற்குள் அது வேறொரு நகலில் ஏறியிருக்கலாம்.

நேரக் குறிப்பை இயக்கி வையுங்கள். பாஷில் ஒரே ஒரு மாறியை அமைத்தால் போதும்; அதுமுதல் ஒவ்வொரு கட்டளைக்கும் நாளும் நேரமும் சேர்ந்து பதியும். கரட்டு நோட்டு நாட்குறிப்பாகிவிடும். போன மாதம் உணர்கருவியை எப்படி இணைத்தோம் என்று மறந்தால், அது சொல்லும். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். திறந்து போட்டுவிட்டுப் போன கணக்கில் அடுத்தவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

அடுத்தவர் கணக்குத் திறந்து கிடந்தாலும் தொடாதீர்கள். விளையாட்டாக அவருடைய வரலாற்றில் ஒரு வரி எழுதி வைப்பதும் விளையாட்டல்ல. அனுமதியின்றிக் கணினியில் உள்ளதை அணுகுவதையும் மாற்றுவதையும் நம் நாட்டின் கணினிக் குற்றச் சட்டம் 1997 குற்றமாகவே வைத்திருக்கிறது.

அடுத்த முறை கணினிக்கூடத்துக்குப் போகும்போது பொறுப்பாசிரியரிடம் மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். 'ஐயா, இங்கே எங்கள் கட்டளைகள் பதிவாகின்றனவா? யார் பார்ப்பார்கள்? எத்தனை நாள் இருக்கும்?' பதில் தெளிவாக இருந்தால் நீங்கள் நல்ல கூடத்தில் படிக்கிறீர்கள். பதில் இல்லாவிட்டால், அந்த நான்கு வரி அறிவிப்பை எழுதிக் கொடுக்க நீங்களே முன்வாருங்கள். பொதுக்கணக்கை விட்டுவிட்டு ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்று கணினிக் கழகத்தின் சார்பில் கேளுங்கள். ஒரு சர்வரில் முப்பது கணக்குத் தொடங்கப் பணச் செலவு எதுவும் இல்லை. ஒருவர் சிறிது நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டு, பின்னொரு நாள் ஒரு மாணவரை நிறுத்தி வைத்து 'நீதானே செய்தாய்?' என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.